தூரத்தைப் பங்கிடும் கை

டெல்லித் தமிழர்களிடம் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் கதை ஆசையில்தான் தொடங்கும். கரோல் பாக்கில் ஒண்டுக்குடித்தனம், பிறகு யாரோ ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மொட்டைமாடியில் பர்சாத்தி, வேலை உறுதியானபின் சரோஜினி நகரிலோ ஆர்.கே.புரத்திலோ அரசாங்கக் குவார்ட்டர்ஸ், ரிட்டையர்மெண்ட் நெருங்கும்போது யமுனைக்கு அக்கரையில் சொசைட்டி ஃபிளாட். பெயர்களும் வருஷங்களும் மாறும், படிகள் மாறா. "நமக்குன்னு நாலு சுவர் வேணும்னு தோணித்து, வந்துட்டோம்" என்று முடிப்பார்கள். அந்தச் சொல்லில் துளியும் பொய் இல்லை. ஆனாலும் சில காலமாக அந்தப் பதிலின் எளிமை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. நாலு சுவருக்கு ஆசைப்படாதவர் யார்? ஜங்புராவின் சாக்கடையோரத்தில் தகரத்தை நட்டு, அதையொட்டிச் செங்கல் அடுக்கி, வருஷத்துக்கு ஒரு சுவராகக் கட்டியவருக்கும் அதே ஆசைதானே. ஒரே ஆசை ஒருவரை யமுனைக்கு அக்கரையிலுள்ள மயூர் விஹாரின் மாமர நிழலில் கொண்டுபோய் வைக்கிறது, இன்னொருவரை டெல்லியின் வடக்கு ஓரத்தில் நரேலாவின் வெட்டவெளிக்குத் தள்ளுகிறது. அப்படியானால் ஆசையைக் காரணம் என்று சொல்வது எவ்வளவு தூரம் சரி? இடம்பெயர்ந்தவரை நிறுத்தி வைத்து ஏன் வந்தாய் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, இடத்தை வகுத்தவரிடம் ஏன் இப்படி வகுத்தாய் என்று கேட்கும் பழக்கம் ஏன் வரவில்லை?

போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புறநகர்களின் வரலாற்றைப் படிக்கும்போதும் முதலில் கண்ணில் படுவது ஆசைதான். போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்கள், வரிசையாக நடந்த கல்யாணங்கள், பிறந்துகொண்டே இருந்த குழந்தைகள், வாசலில் கார், பின்பக்கம் புல்வெளி. லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் 1947இல் வில்லியம் லெவிட்டின் நிறுவனம் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன், சில ஆண்டுகளுக்குள் 17,000 வீடுகளைத் தாண்டியது. கார் பெருகியதால் வந்தது என்பார்கள், வருமானம் கூடியதால் வந்தது என்பார்கள், நகர நெரிசலில் பட்ட அலுப்பு என்பார்கள். எதையும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆசைகளுக்கெல்லாம் ஜாமீன் நின்றவர் யார் என்று பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடனுக்குக் காப்புறுதி தந்தது, தவணைக்காலம் நீண்டது, கையிலிருந்து போட வேண்டிய முன்பணம் குறைந்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் போர்வீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசாங்க உத்தரவாதம் அளித்தது. 1956இல் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டம் வந்தபோது செலவில் 90 சதவீதத்தைக் கூட்டாட்சி அரசே ஏற்றது. இதே வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களை ஆபத்தான முதலீடு என்று ஒதுக்கியது. லெவிட்டவுனின் தொடக்க கால ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. சீருடை அணிந்து போருக்குப் போய்வந்த கறுப்பின வீரருக்கும் சட்டப்படி உத்தரவாதம் உண்டு, ஆனால் வங்கியின் கதவு திறக்கவில்லை. 1910க்கும் 1970க்கும் இடையே தெற்கின் பருத்திக்காடுகளையும் இனக்கொடுமையையும் விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போன கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் பேர். அவர்கள் நகரத்துக்குள் வந்துசேர்ந்த காலத்தில்தான் மற்றவர்கள் கடன்பத்திரத்தோடு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். புதிய நெடுஞ்சாலைகள் பல ஊர்களில் கறுப்பினக் குடியிருப்புகளின் நடுவே வெட்டிக்கொண்டு போயின. பின்னர் ராணுவத் தளங்களும் விமானத் தொழிற்சாலைகளும் குளிரூட்டும் இயந்திரமும் சேர்ந்து டெக்சஸ், அரிசோனா, கலிபோர்னியா பக்கம் மக்களை இழுத்தன. ராணுவ ஒப்பந்தத்தை எந்த மாநிலத்துக்குத் தருவது என்பதும் ஒரு மேஜையில் முடிவானதுதான். ஆசை கோடிக்கணக்கான வீடுகளில் பிறந்தது. அது எந்தத் திசையில் நடக்கலாம் என்பது சில கோப்புகளில் தீர்மானமானது.

டெல்லிக்குத் திரும்புகிறேன். கரோல் பாக் என்றதும் தமிழ்க் குடும்பங்களின் நினைவில் எழுவது காபிக்கொட்டை வறுபடும் வாசனை, அஜ்மல் கான் சாலையின் கூட்டம், மார்கழியில் எங்கோ ஒரு மாடியிலிருந்து வரும் திருப்பாவை. அந்த இடத்தின் பழைய அடுக்குகளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. புதுடெல்லியைக் கட்டுவதற்காக நிலம் எடுத்தபோது வெளியேற்றப்பட்ட கிராமத்தார் பலர் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட பகுதி அது. 1947இல் அங்கிருந்த முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள் அல்லது பயந்து ஓடினார்கள். டெல்லி முழுவதிலுமாக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் போனார்கள், மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்து, எல்லைப்புற மாகாணங்களிலிருந்தும் ஏறக்குறைய 5 லட்சம் அகதிகள் வந்தார்கள். 1941இல் 9 லட்சத்துச் சொச்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டியது. காலியான வீடுகள் அரசாங்கக் காப்பாளரின் கைக்குப் போய், அங்கிருந்து அகதிகளின் கைக்குப் போயின. அந்த வீடுகளின் மாடியில்தான் பிற்பாடு நம்மவர்கள் பலர் வாடகைக்கு இருந்தார்கள். வாடகை வாங்கிய பஞ்சாபி அம்மாள் லாகூரில் விட்டுவந்த வீட்டைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அவள் குடியிருந்த கரோல் பாக் வீட்டை விட்டுப்போனவரைப் பற்றிச் சொல்ல யாரும் மிச்சமில்லை. தமிழர்கள் டெல்லிக்கு வந்ததும் வெறும் ஆசையால் நடந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1920களில் வந்த வகுப்புவாரி ஆணை பிராமண இளைஞர்களின் மாகாண வேலைவாய்ப்பைச் சுருக்கியது. இரண்டாம் உலகப் போரில் டெல்லியின் ராணுவ அலுவலகங்களும் வழங்கல் துறையும் வீங்கின. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் ஆங்கிலமும் தெரிந்த ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். தஞ்சாவூரிலும் பாலக்காட்டிலும் அந்த ஆட்கள் இருந்தார்கள், ஜி.டி. எக்ஸ்பிரஸ் இருந்தது. ஒரு ஊர் கதவைச் சாத்தியதையும் இன்னொரு ஊர் திறந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ரயிலில் ஏறிய இளைஞனின் பெட்டியும் படுக்கையும் நமக்குப் புரியும்.

அமெரிக்காவை இவ்வளவு தூரம் இழுத்து வந்ததற்கு ஒரு நேரான காரணமும் உண்டு. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1957இல் அமைந்தது. அதன் முதல் பெருந்திட்டத்தை வகுக்க உதவியது ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய நிபுணர் குழு. அதன் தலைவர் ஆல்பர்ட் மேயர், லு கார்பூசியருக்கு முன்பே சண்டிகருக்கு வரைபடம் போட்டவர், எட்டாவாவில் கிராம வளர்ச்சிக்காக உழைத்தவர். பள்ளிக்கூடம், கடை, பூங்கா எல்லாம் நடந்து போகும் தொலைவில் இருக்கும் அண்டைக் குடியிருப்பு என்ற அமெரிக்கக் கருத்து இந்தக் குழு வழியாகவும் டெல்லியின் மண்ணில் இறங்கியது. நம் காலனிகளின் வட்டமான பூங்காவும், பிளாக் பிளாக்காக அவை பிரிந்துகிடப்பதும், சிமெண்டுச் சாய்வோடு நிற்கும் சிறிய மார்க்கெட்டும் அந்த வம்சத்தில் வந்தவை. வீடுகட்டும் பணியை அமெரிக்க அரசு தனியாருக்கு விட்டுக் கடனைப் பிடித்துக்கொண்டது, டெல்லி நிலத்தையே பிடித்துக்கொண்டது. 1959 நவம்பரில் ஒரே அறிவிப்பில் 34,070 ஏக்கர் கையகப்படுத்தக் குறிக்கப்பட்டது. அறிவித்த நாளின் விலையே இழப்பீட்டுக்கு அடிப்படை, ஆனால் நிலத்தை எடுத்தது வருஷங்கள் கழித்து. ஊர்நத்தத்தைச் சுற்றி இழுத்த சிவப்புக் கோட்டுக்குள் கிராமத்தார் அடைபட்டார்கள். அப்படி அடைபட்ட முனிர்காவும் ஷாப்பூர் ஜாட்டும் சில்லாவும் இன்று நெருக்கியடித்து நிற்பதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். ஊகவணிகரிடமிருந்து நிலத்தைக் காப்பாற்றி எளியவருக்குத் தருவது என்பதுதான் சொல்லப்பட்ட நோக்கம், நான் அதை நம்புகிறேன். ஆனால் ஆணையம் நிலத்தை விடுவித்த வேகமும் நகரம் பெருகிய வேகமும் ஒன்றாக இல்லை. 1979இல் வீட்டுக்குப் பதிவு செய்துகொண்டவர்கள் சுமார் 1,71,000 பேர். நடுத்தர வருமானத்தாருக்கு எம்.ஐ.ஜி., குறைந்த வருமானத்தாருக்கு எல்.ஐ.ஜி., அதற்கும் கீழே ஜனதா என்று மூன்று வரிசை. அதில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தவர்கள் உண்டு. டெல்லிக்குள் கிருஷ்ணா நகர், மாடல் டவுன், கிரேட்டர் கைலாஷ் என்று மனைகள் போட்டு விற்ற டி.எல்.எஃப். நிறுவனம், இனி இங்கே இடமில்லை என்றானபின் எல்லையைத் தாண்டியது. ஹரியானா 1975இல் தனியாருக்கு உரிமம் தரும் சட்டம் இயற்றியது. சக்கர்பூர், நாத்துபூர், சிக்கந்தர்பூர் விவசாயிகளின் வயல்கள் குர்காவ்ன் ஆயின. நெருக்கடி நிலையின் நடுவே 1976 ஏப்ரலில் யமுனையின் மறுபக்கத்தில் நொய்டா பிறந்தது. குர்காவ்னின் கண்ணாடிக் கோபுரங்களைத் தனியார் முயற்சியின் சாதனை என்று பாராட்டுகிறவர்கள், அவற்றை அங்கே துரத்தியதில் டெல்லியின் சட்டத்துக்கும், வரவேற்றதில் ஹரியானாவின் சட்டத்துக்கும் உள்ள பங்கைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

யமுனைக்கு அக்கரையை டெல்லிக்காரர்கள் ஜம்னா பார் என்பார்கள். அந்தச் சொல்லோடு ஒரு முகச்சுளிப்பும் சேர்ந்து வந்த காலம் உண்டு. தாழ்வான நிலம், 1978இல் வெள்ளம் புகுந்து பார்த்த நிலம். மலிவாக இருந்ததற்கு அதுவும் காரணம். அங்கே முதலில் அனுப்பப்பட்டவர்கள் ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. 1975க்கும் 1977க்கும் இடையே நகரத்தின் நடுவிலிருந்த குடிசைகள் இடிக்கப்பட்டு, சுமார் 7 லட்சம் பேர் திரிலோக்புரி, கல்யாண்புரி, மங்கோல்புரி, ஜஹாங்கீர்புரி என்று விளிம்புகளில் கொட்டப்பட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு 25 சதுர கஜம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சான்றிதழைக் காட்டினால் மனை கிடைக்கும் என்ற நிலையும் அந்த நாட்களில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்துத் திரிலோக்புரியை ஒட்டியே மயூர் விஹார் எழுந்தது. பத்திரிகைக்காரர்கள், வங்கி ஊழியர்கள், மத்திய அரசு அதிகாரிகள் என்று சங்கம் சங்கமாக நிலம் பெற்றுக் கட்டினார்கள். அரசு ஊழியருக்கு வீடுகட்ட முன்பணம் அரசாங்கமே குறைந்த வட்டிக்குத் தந்தது. தமிழர்களும் மலையாளிகளும் கணிசமாக வந்து, கோயில்கள் எழும்பின, தமிழ்ப் பள்ளியும் வந்தது. இரண்டு குடியிருப்புகளுக்கும் இடையே ஒரு சாலைதான். காலை ஆறரை மணிக்கு சொசைட்டியின் இரும்புக் கேட்டருகே நின்று பார்த்தால் அந்தச் சாலை என்னவென்று தெரியும். திரிலோக்புரிப் பக்கமிருந்து பெண்கள் கூட்டமாக வருவார்கள். ஸ்வெட்டருக்கு மேல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காவலாளியிடம் காட்டி, பதிவேட்டில் கைநாட்டோ கோணல் எழுத்தோ போட்டு உள்ளே போவார்கள். அவர்களில் சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தமிழும் கேட்கும். மூன்றாவது மாடிக் கதவைத் திறக்கும் மாமி, "ஏண்டி செல்வி, இன்னிக்கு இவ்ளோ நாழியாச்சு?" என்பாள். "தண்ணி லாரி இப்பதாம்மா வந்துச்சு" என்று பதில் வரும். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் இரண்டாம் தலைமுறை, இருவரையும் டெல்லி மதராசி என்றுதான் அழைத்தது. ஒருவரை அக்கரைக்குக் கொண்டுவந்தது குறைந்த வட்டி, இன்னொருவரைக் கொண்டுவந்தது லாரி.

இதை எழுதும்போது ஒரு சந்தேகம் கூடவே வருகிறது. சொசைட்டி ஃபிளாட்டுக்கு வந்தவரின் மகிழ்ச்சியை நான் சிறுமைப்படுத்துகிறேனோ? அப்படிச் செய்ய எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. முப்பது வருஷம் மாற்றலுக்கும் குவார்ட்டர்ஸ் அலாட்மெண்டுக்கும் பயந்து வாழ்ந்தவருக்கு, யாரும் காலிபண்ணச் சொல்ல முடியாத ஒரு வாசல் கிடைத்ததென்பது பெரிய விஷயம். குறிப்பாகப் பெண்களுக்கு. வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் நினைத்த நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளிப்பதும், சுவரில் ஆணி அடிப்பதும், வெயில் விழும் பால்கனியில் வடாம் காயவைப்பதும் அற்ப சுகங்கள் அல்ல. யமுனைப் பாலத்தில் இரண்டு பஸ் மாறித் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போன வருஷங்களை அவர்கள் அந்த வாசலுக்கான விலையாகக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பாலம் அகலமாயிற்று, மெட்ரோ 2009இல் ஆற்றைத் தாண்டி மயூர் விஹார் வழியாக நொய்டா வரை போயிற்று. தூரம் சுருங்கியது, வீட்டின் விலை ஏறியது. என்னை உறுத்துவது இங்கேதான். அவர்கள் பட்ட பாடு உண்மை. ஆனால் அந்தப் பாட்டுக்குப் பின்னால் அரசாங்கம் வந்து சாலை போட்டது, ரயில் விட்டது, பட்டா தந்தது. அதே அளவு பாடுபட்ட வேறு சிலரின் பின்னால் வந்தது புல்டோசர். உழைப்பால் முன்னுக்கு வந்தோம் என்று நாம் சொல்லும்போது, உழைத்தும் வராமல் போனவரின் கணக்கை யார் எழுதுவது?

2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா ஓடையின் கரையிலிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பழைய தென்னாற்காடு, சேலம் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த இடம். பெண்கள் ஜங்புரா, லாஜ்பத் நகர், நிஜாமுதீன் வீடுகளில் வேலை செய்தார்கள், பிள்ளைகள் லோதி சாலைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். ஓடை அடைபட்டு மழைக்காலத்தில் சுற்றுப்புறம் மூழ்குகிறது என்பது இடிப்புக்குச் சொன்ன காரணம், உயர் நீதிமன்றத்தின் ஆணையும் இருந்தது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று கண்டறியப்பட்டன. மாற்று வீடு நரேலாவில், டெல்லியின் வடக்கு ஓரத்தில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. லாஜ்பத் நகரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது 1947இன் அகதிகளுக்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனி. உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு நகரத்தின் அருகிலேயே மனை, கடன், மார்க்கெட், பள்ளிக்கூடம் எல்லாம் கொடுத்து, ஒரே தலைமுறைக்குள் அவர்களை நடுத்தர வர்க்கமாக்கிக் காட்டியது இதே டெல்லிதான். அதைச் செய்யத் தெரிந்த கைக்கு, அந்த வீடுகளிலேயே பாத்திரம் தேய்த்தவர்களை அருகில் வைத்துக்கொள்ளும் வழி மட்டும் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. நரேலாவில் கிடைப்பதும் வீடுதான், கூரையும் குழாயும் மின்சாரமும் உண்டு. ஆனால் காலை ஆறரைக்கு ஜங்புராவில் ஒரு அடுப்படியில் நிற்க வேண்டிய பெண் நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாள்? மூன்று வீட்டு வேலை முடித்து எப்போது திரும்புவாள்? இத்தனை வருஷம் தமிழில் பாடம் படித்த பிள்ளை எந்தப் பள்ளியில் சேரும்? வீடு என்று நாம் சொல்வதில் பாதி, அதைச் சுற்றி நடந்து போகும் தொலைவில் என்ன இருக்கிறது என்பதுதான். அமெரிக்கப் புறநகர்களுக்குப் போனவர்களுக்கு அந்தப் பாதியைக் காரும் நெடுஞ்சாலையும் ஈடுகட்டின. நரேலாவுக்குப் போகிறவர்களுக்கு ஈடுகட்ட எதுவும் அவர்களோடு அனுப்பப்படவில்லை.

மயூர் விஹார் ஃபிளாட்டுகளில் பலவற்றில் இப்போது முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் நியூ ஜெர்சியின் எடிசனிலோ டல்லாஸின் புறநகர்களிலோ வீடு வாங்கியிருக்கிறார்கள், முப்பது வருஷத் தவணையில், இரண்டு கார் நிற்கும் கொட்டகையோடு. லெவிட்டின் கையிருப்பிலிருந்த அதே வடிவம்தான், 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்தபின் நமக்கும் கிடைத்தது. அங்கேயும் அவர்கள் ஆசைப்பட்டு உழைத்து வாங்கினோம் என்று சொல்வார்கள், அதுவும் பொய்யாக இருக்காது. ஆசையைப் பற்றிய கேள்வியை அதனால் நான் இனி யாரிடமும் கேட்பதாக இல்லை, கேட்க வேண்டியது கோப்பைத்தான். 1962இன் டெல்லிப் பெருந்திட்டத்தைப் புரட்டினால், வருமானத்தை வைத்தும் தொழிலை வைத்தும் மக்களைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரிக்கும் நகரமைப்பைத் தவிர்ப்பது மிக முக்கியம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எளியவர்களுக்கென்று நகரத்தின் பல பகுதிகளிலும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஆக, தெரியாமல் நடந்த தவறு என்று இதைச் சொல்லிவிட முடியாது. தெரிந்து எழுதிய ஒன்றைப் பதின்மூன்று வருஷத்துக்குள் லாரி வைத்து மீறினார்கள், ஐம்பது வருஷம் கழித்தும் மீறிக்கொண்டிருக்கிறார்கள். 2041ஐ நோக்கிய அடுத்த திட்டத்தின் வரைவு 2021இல் மக்கள் பார்வைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் பசுமையும் காற்றும் வேலையும் இரவுநேர நகரமும் பேசப்படுகின்றன. அதில் குடியிருப்பு என்று வண்ணமடித்த ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லலாம்: இந்த வீடுகளில் சமைப்பவர், பெருக்குபவர், கேட்டில் நிற்பவர், கார் ஓட்டுபவர் இரவில் எங்கே படுப்பார், அங்கிருந்து காலையில் எவ்வளவு நேரத்தில் வந்துசேர்வார்? பதில் எழுத முடியாத காலனிக்கு அனுமதி தரக் கூடாது. யமுனையைத் தாண்டி வந்து நாலு சுவர் கிடைக்கப்பெற்ற நம்மைப் போன்றவர்கள்தான் இதைக் கேட்க வேண்டும், ஏனென்றால் நமக்குக் கிடைத்த தூரம் எப்படிச் சுருக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும்.